அவர் பேச்சை மட்டும் கேட்கும் நாய்

பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிவந்த டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே கட்டிலில் பொன்னுராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். குறுக்கே அவர் வளர்த்த ராஜபாளையம் நாய் பல்லைக் காட்டி உறுமியது.

"ஏம்மா, நாயைப் பிடிச்சுக் கட்டு!"

"அவிய சொன்னாத்தான் கேக்கும் சார்," என்று அழுதாள் அவர் மனைவி பரிபூரணம். "என்னை வாசலைத் தாண்ட விடக் கூடாதுன்னு பழக்கி வச்சிருக்காவ. போன மாசம் சுந்தரபாண்டியத்துல எங்கம்மா செத்ததுக்குக்கூட என்னைப் போக விடல."

நாயைப் பிடிக்க ஆள் தேடி டாக்டரும் பக்கத்து வீட்டுக்காரரும் தெருவுக்கு ஓடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் முனகல் அடங்கியது. பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும், தள்ளிப் படு," என்றாள் மெதுவாக.

அம்மா செத்த நாளிலிருந்து அவள் ரகசியமாக ஊட்டிய கறிச்சோற்றைத் தின்று பழகிய நாய், வாலை ஆட்டிக்கொண்டே ஒதுங்கிப் படுத்தது.