வார்னிஷுக்கு அடியில் சேறு

“ஏட்டி, எம்மவன் பொம்மைல சேத்த நீதான பூசுன?”

“எம் புருசன் மேல நானே பூசுவனா அத்த?”

என் மனைவியும் மருமகளும் நேற்றுப் போட்ட சண்டை மாடி வரை கேட்டது. ராணுவத்தில் இருக்கும் எங்கள் மகன் ஜெயபாண்டியின் சாயலில், விரலளவு சிப்பாய் பொம்மைக்கு அக்ரிலிக் பெயின்ட் அடித்திருந்தேன். மற்ற சிப்பாய்களுக்கெல்லாம் பழுப்பைக் கரைத்துச் சேறு பூசுவேன். இவனுக்கு மட்டும் மனசு வரவில்லை. சுத்தமாகவே வார்னிஷ் அடித்துவிட்டேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தால், சேறு அந்த வார்னிஷுக்கு அடியில் இருந்தது. பூட்ஸ் வரைக்கும்தான். உடனே மகனுக்குப் போன் போட்டேன்.

“இங்க மழையே இல்லப்பா” என்று சிரித்தான்.

இன்று பொம்மையில் சேறு இடுப்பு வரை ஏறியிருக்கிறது. அவன் போனை எடுக்கவில்லை.

பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் சொல்லுங்கள். வார்னிஷைக் கரைத்துச் சேற்றைத் துடைத்தால் முகமும் அழிந்துவிடுமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.