முப்பத்திரண்டு

முப்பத்தொன்று.

மறுபடியும் எண்ணினாள். முப்பத்தொன்றுதான்.

பச்சைத் துணியில் இரண்டு வரிசையாகக் கிடந்த ஸ்பானர்களையும் போல்ட் முடுக்கும் சாக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். காலையில் வேலையைத் தொடங்கும்போது முப்பத்திரண்டு இருந்தன. சுவரில் சாக்பீஸால் அவளே எழுதியிருந்தாள்.

பன்னிரண்டாம் நம்பர் சாக்கெட்டைக் காணவில்லை.

கார் ஷெட்டின் வாசலில் அண்ணன் இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மெயின் ரோட்டில் நாற்பது வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துபவர். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற தங்கை, வீட்டு ஷெட்டில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே தள்ளி, பெஞ்ச் அடித்து, சுவரெல்லாம் ஆணி அறைந்து, பழைய காரின் எஞ்சினைத் தானே பிரித்து மாட்டப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முதல்முறை வந்து பச்சைத் துணியைப் பார்த்தவர், வண்டிக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். பெஞ்சுக்கு மேலே சுவரில் சிவப்பு மையில் எழுதியிருந்த தேதியைக் காட்டி, திறப்பு விழா நாளா என்றார். 

பந்தயம் கட்டியதும் அவர்தான். இன்று நான்கு மணிக்குள் வண்டி ஸ்டார்ட் ஆகவேண்டும். ஆகாவிட்டால் அதைத் தன் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போய்விடுவார். அவளும் இந்த விளையாட்டை மூட்டை கட்டிவிட வேண்டும். ரோஷத்தில் அவளும் சரியென்று கையடித்துக் கொடுத்திருந்தாள்.

மணி மூன்று ஐம்பது.

டைமிங் பெல்ட்டைப் புதிதாக மாட்டியாகிவிட்டது. அதன் கவரையும் மூடியாகிவிட்டது. பானெட்டை இறக்கிச் சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

"ஒரு சாக்கெட்டுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? என் கடையில மாசம் நாலு தொலையுது. சாவியப் போடு, இல்லேன்னா நான் கயித்தக் கட்டறேன்."

"எண்ணிக்கை சரியா வராம மூட மாட்டேன்ணே."

பெஞ்சுக்கு அடியில் தேடினாள். காருக்கு அடியில் டார்ச் அடித்தாள். மேலங்கிப் பைகளை வெளியே இழுத்து உதறினாள். அண்ணன் கைக்கடிகாரத்தை அவள் முகத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது.

கவரை மூடும் முன் அவள் எண்ணவில்லை. சரியாக அந்த நேரத்தில் அண்ணன் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். ஒரு முறை இல்லை, விடாமல். பதற்றத்தில் கவரைப் பொருத்தி ஆறு போல்ட்டையும் முடுக்கிவிட்டாள்.

அவர்மேல் வந்த கோபம் அவர்மேல் நிற்கவில்லை. தன்மேலேயே பாய்ந்தது. அடிப்பாவி, உனக்கா இது மறந்தது?

மூன்று ஐம்பத்தைந்து. கவரை மறுபடி கழற்றி மாட்டக் குறைந்தது இருபது நிமிடம் ஆகும். கழற்றினால் பந்தயம் போச்சு. போனால் போகட்டும். யார் நின்று சிரித்தாலும் சரி, மூட மாட்டாள்.

போல்ட் கழற்றும் ராட்செட்டை எடுத்தாள்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். முன் பம்பருக்கு அடியில் குனிந்து கொக்கியைத் தேட ஆரம்பித்தார். அவள் அவர் தலைக்கு மேலேயே வேலையைத் தொடர்ந்தாள். ஒன்று. இரண்டு. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தகர டப்பாவில் போட்டாள். ஐந்தாவது வரும்போது மணி நான்கைத் தாண்டிவிட்டது. அவள் நிமிரவில்லை.

கவர் கையோடு வந்தது.

சாக்கெட் உள்ளே இருந்தது. அடியில், பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

கயிற்றோடு எழுந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. நாற்பது வருட மெக்கானிக்குக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாவியை ஒரு முறை திருப்பியிருந்தால் போதும். பெல்ட் அறுந்து, வால்வு அத்தனையும் வளைந்து, எஞ்சின் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

நீண்ட மூக்கு பிளையரை உள்ளே விட்டு, எதையும் உரசாமல் அதை எடுத்தாள். துடைத்தாள். வரிசையில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள்.

"நாலு தாண்டிடுச்சு. நான் தோத்துட்டேன். ஆனா வண்டி இங்கதான் நிக்கும், நானும் இங்கதான் நிப்பேன்."

அண்ணன் கயிற்றைச் சுருட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். அவள் கவரை மாட்டி ஆறு போல்ட்டையும் முடுக்கி முடிக்கும்வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பானெட்டில் கை வைத்தார். தன் கடையில் யாரிடமும் எதையும் கேட்டுச் செய்து பழக்கமில்லாத மனிதர், தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"மூடலாமா?"

அவள் துணிக்குத் திரும்பி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணினாள். முப்பத்திரண்டு வந்தது.

"மூடுங்கண்ணே."

எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எதிர்ச் சுவரில் இருந்த சிவப்புத் தேதியைப் பார்த்தாள்.

அது திறப்பு விழா நாள் இல்லை.

அன்றும் ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணியில் ஒன்று குறைந்தது. அன்றும் எல்லோருக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. டாக்டர் ஊசியும் நூலுமாக நிமிர்ந்து, மூடலாமா சிஸ்டர் என்று இப்படித்தான் கேட்டார்.

அவள் சரியென்று தலையாட்டினாள்.