கன்னத்தில் ஒரு ஊக்கு

கன்னத்தில் ஊக்கு குத்திய வெள்ளைக்காரரைக் கண்டதும் மார்க்கையன்கோட்டை அம்மன் கோயில் வாசலில் கூட்டம் தானாக வழிவிட்டது. முத்துலட்சுமி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் பூட்ஸ் மேலேயே ஊற்றிக் கும்பிட்டாள்.

"அத்த, இவரு சாமிக்கு நேந்தவரு இல்ல. பாட்டுக்காரரு, டெரெக்," என்றான் திலீபன். லண்டனிலிருந்து அவரைக் கூட்டி வந்த அவளுடைய அண்ணன் மகன் அவன்.

"அலகு குத்திருக்காகல்ல?"

"அது பங்க்னு ஒரு கலகப் பாட்டு. அதப் பாடுறவங்க பழக்கம்."

"பாவம், வேலு கெடைக்காத ஊரு போல. ஊக்கக் குத்திருக்காக."

டெரெக்கின் குழுவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. வேலையில்லாத நாலு இங்கிலாந்துப் பையன்கள் முதலாளிகளைத் திட்டித் தெருவில் பாட ஆரம்பித்த குழு அது. டிரம்ஸ்காரர் மதுக்கடை முதலாளி ஆனார். கிடார்காரர் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். யார் போனாலும் அந்த இடத்துக்குப் புது ஆள் வந்தார். பழசில் மிஞ்சியது டெரெக்கும் அந்த ஊக்கும்தான்.

அவர் ஊரில் அதைப் பார்த்தால் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார்கள். இங்கே திருநீறு பூசச் சொல்லிப் பிள்ளைகளை நீட்டினார்கள்.

ஒருத்தர் ஐஸ் போட்ட பானகம் கொடுத்தார். டெரெக் மடமடவென்று குடித்தார். "எனக்கு வேணாம், தொண்டை கட்டிக்கும்," என்று திலீபன் அந்த வெயிலிலும் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தான்.

"வயசாச்சு, பாட்ட விடுறாரு அத்த. ஊக்க இங்கனயே கழட்டி வச்சிட்டு விலகப்போறாரு." சொல்லும்போதே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

டெரெக் ஊக்கில் கை வைத்தார்.

"இருங்க," என்று முத்துலட்சுமி தடுத்தாள். "என்னன்னு நேந்துக்கிட்டுக் குத்துனாராம்?"

திலீபன் கேட்டுச் சொன்னான். "ஏழைய ஏய்க்கிறது நிக்கிற வரைக்கும் பாடுறதுன்னு."

"நின்னுருச்சா?"

அதையும் கேட்டான். டெரெக் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்பறம் நேத்திக்கடன் முடியாம எப்புடிக் கழட்டுவாக? ஆத்தா கோவிச்சுக்காதா? கேளுடா!"

கேட்டுவிட்டுத்தான் திலீபன் நாக்கைக் கடித்துக்கொண்டான். டெரெக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஊக்கை அழுத்திப் பூட்டி, முத்துலட்சுமியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாகுற வரைக்கும் பாடுவாராம்." திலீபனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்ல சேதிதானடா! நீ எதுக்கு அழுகுற?"

திலீபன் சட்டைப்பையிலிருந்து ஒரு புத்தம்புது ஊக்கை எடுத்துக் காட்டினான்.

"அவருக்கு அடுத்த பாட்டுக்காரன் நான்தான் அத்த!"