பிரிக்காத பின்

நகத்தால் நெம்பப் போனாள். அதற்குள் ஸ்டேப்ளர் பின் கையோடு வந்துவிட்டது.

அதன் கால்கள் நிமிர்ந்திருந்தன. யாரோ முன்பே கழற்றி, திரும்பச் செருகி வைத்திருக்கிறார்கள்.

மேசையில் எட்டாம் வகுப்பின் அறிவியல் புத்தகங்கள் முப்பத்துநான்கு. பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். கடைசிப் பாடவேளை அவளுடையது. மணி அடிப்பதற்குள் எல்லாப் புத்தகங்களையும் பிரித்துவிட வேண்டும்.

ஜூன் மாதம், புத்தகங்களைக் கொடுக்கும் முன், அவளே உட்கார்ந்து அடித்த பின்கள் இவை. வளரிளம் பருவப் பாடம். எட்டுத் தாள். திறக்க முடியாதபடி ஓரத்தில், நடுவாக, புத்தகத்துக்கு ஒரு பின்.

மூன்று வருடப் பழக்கம்.

அதற்கு முந்தின வருடம் இந்தப் பாடத்தை வாசிக்கையில் கடைசி பெஞ்சு சிரித்தது. அவள் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டாள். அன்றோடு சரி.

"பரீட்சைக்கு இது வராது. டீச்சர் மேல மரியாத உள்ளவங்க யாரும் பின்னப் பிரிக்க மாட்டீங்க."

அப்படிச் சொல்லித்தான் கொடுத்தாள். பிள்ளைகளின் நல்லதுக்கு என்று சாமியிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

இரண்டாவது புத்தகம். பின் கழன்று வந்தது.

மூன்றாவதும்.

நான்காவதில் பின்னே இல்லை. ஊக்கு குத்தியிருந்தது. இன்னொன்றில் நூல் கோத்து அழகாகத் தைத்து வைத்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் பென்சில் எழுத்து: 'டீச்சருக்கு வெக்கம்.'

வேறு நாளாக இருந்தால் அந்தக் கையெழுத்து யாருடையது என்று தேடியிருப்பாள்.

இன்று தேடவில்லை. எழுதியது உண்மைதானே.

காலையில் அதே வகுப்பு ரெஜினா ஒரு ஜியாமெட்ரி பாக்ஸோடு வந்து நின்றாள்.

"டீச்சர், இந்த முத்துப்பேச்சிய என்னன்னு கேளுங்க. புது பாக்ஸ், இனிமே நீயே வச்சிக்கட்டின்னு சொல்லுதா. ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கான்னு கேட்டா அழுதா."

முத்துப்பேச்சிக்குத் தாய் இல்லை. அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும்தான் வீட்டில். உப்பளத்து வேலைக்கு அவர்கள் விடியுமுன்னே போய்விடுவார்கள். வகுப்பில் இருப்பதே தெரியாத பிள்ளை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் லீவு நாளிலும் வந்து ஊற்றிவிட்டுப் போவாள்.

ஆசிரியர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். முத்துப்பேச்சி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு நாளா ரத்தம் போவுது டீச்சர். செத்துருவேன்லா. சொன்னா அப்பா அழுவாவ. அதான் சொல்லல."

அவளை அணைத்துக்கொண்டு, இது நோயில்லை, உடம்பு வளர்கிறது என்று சொன்னதும், நாப்கின் கொடுத்ததும், பள்ளிக்கூட போனில் அத்தையைக் கூப்பிட்டு மாலையில் வரச் சொன்னதும் ஒரு அரை மணி நேர வேலை.

அரை மணி நேரம்தான்.

ஐந்து மாதமாக அதற்கு அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று.

காலை வழிபாட்டில் 'எல்லாரையும் நல்லா வை சாமி' என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்பவள் அவள். இந்த மூன்று நாளும் முத்துப்பேச்சி முன்வரிசையில் நின்று கண்ணை மூடி, கைகூப்பி, அதைச் சொன்னாள். தனக்கென்று ஒன்றும் சேர்த்துக் கேட்டாளா? கேட்டிருக்க மாட்டாள். எல்லாரையும் நல்லா வை என்றுதான் கேட்டிருப்பாள்.

இருபதாவது புத்தகம். இருபத்தைந்து. முப்பது.

எதையும் நெம்ப வேண்டியிருக்கவில்லை. பாதிப் புத்தகங்களில் அந்தத் தாள்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கசங்கியிருந்தன. அவள் பூட்டியதாக நினைத்திருந்த கதவு வழியே வகுப்பு முழுவதும் என்றைக்கோ போய் வந்துவிட்டது.

அவளுக்கு அதில் கோபம் வரவில்லை. 'நல்லவேளை' என்று வாய்விட்டே சொன்னாள்.

கடைசிப் புத்தகத்தை வேண்டுமென்றேதான் அடியில் வைத்திருந்தாள்.

அதற்குக் காக்கித்தாளில் அட்டை போட்டிருந்தது. மேலே சிறிதாக ஒரு பிள்ளையார் சுழி. அதன்கீழ் பெயர், வகுப்பு, பிரிவு.

பின் அப்படியே இருந்தது.

அதன் கால்கள் தாளோடு தாளாகப் படிந்திருந்தன. உப்புக்காற்றில் துருப்பிடித்து, தாளிலும் கறை இறங்கியிருந்தது.

நகத்தை வைத்தாள். அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். நகம் ஒடிந்தது.

முப்பத்துநான்கு பேரில் ஒரே ஒரு பிள்ளை அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறது.

மணி அடித்தது.

மைதானத்தின் சத்தம் படியேறி வருவதற்கு முன்பே வாசலில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். விளையாட விடாமல் வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்த பிள்ளை. மேசையில் குவிந்திருந்த புத்தகங்களைப் பார்த்தாள். டீச்சரின் கையிலிருந்த தன் புத்தகத்தைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"நான் பிரிக்கல டீச்சர். சாமி சத்தியமா. வேணும்னா பாருங்க."

டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, தலைமையாசிரியர் வந்தால் எழுவது போல எழுந்து நின்றாள்.

முத்துப்பேச்சி சட்டென்று ஒதுங்கி, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.