தொடைக்கறி எங்கே போச்சு?

"கறி எங்கே போகுதுன்னு எலும்பே சொல்லிடும். நீங்க கொஞ்சம் பாருங்கம்மா," என்றார் அகழாய்வுக் குழுத் தலைவர்.

அவர் காட்டியது சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு குப்பைத் தொட்டிகளை. எலும்பு ஆராய்ச்சிக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூவாயிரம் வருஷத்து ஆட்டெலும்பைப் பார்க்க வந்தவளிடம் போய், நேற்று மத்தியானத்து எச்சில் எலும்பைப் பார் என்றால் எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். குழி தோண்டுகிற முப்பது பேரும் காலையிலிருந்து மண்வெட்டியைத் தொடவில்லை. "வாரத்துல ஒரு நாள் ஆட்டுக்கறின்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தீங்க. தட்டுல எலும்புதான் வருது. சதையைக் கண்ணாலயே பார்க்கல," என்று மேஸ்திரி வந்து கறாராகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தலைவரின் சந்தேகம் நேரே சமையல்காரர் மேல் விழுந்தது. மனுஷன் தினமும் சாயங்காலம் மூடி போட்ட தூக்குவாளியோடு வீட்டுக்குக் கிளம்புகிறாரே, சும்மாவா?

"என்னய்யா இருக்கு அந்த வாளியில?"

"அரிசி கழுவின தண்ணிங்க ஐயா. வீட்ல மாடு நிக்குது."

"உன் மாடு தொடைக்கறியும் திங்குமோ?"

சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன, இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படியும் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி நின்றார்.

"பார்த்தீங்களா? மடியில கனம் இருக்கு, அதான் பேச்சு வரல. இன்னிக்கே வேற ஆளைப் போடப் போறேன்," என்றார் தலைவர். அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

குப்பையைக் கிளறுகிற யோசனை அவருக்கு வந்ததே அவளால்தான். இந்த மேட்டில் அவள் கண்டுபிடித்ததை முந்தாநாள் பத்திரிகைக்காரர்களுக்கு அவர்தான் விளக்கினார். அந்தக் காலத்துப் பெரிய வீட்டின் குப்பைக்குழியில் தொடையெலும்பும் தோளெலும்பும். குடிசைகள் இருந்த பக்கத்துக் குழியில் தாடை, கழுத்து, குளம்பு.

"ஆட்டை மேய்ச்சவனுக்குக் குளம்பு, உட்கார்ந்து தின்னவனுக்குத் தொடை. ஈவு இரக்கம் இல்லாத ஜனங்க," என்று சொல்லி அவர் உச்சுக் கொட்டினார். பேப்பரில் படத்தோடு வந்தது.

சரி, வந்தது வரட்டும் என்று அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். இரண்டு தொட்டிகளையும் தனித்தனித் தார்ப்பாயில் கொட்டினாள். நாற்றம் தாங்கவில்லை. மூவாயிரம் வருஷத்து எலும்பு எவ்வளவோ மேல்.

"நேத்து எத்தனை ஆடு?"

"ரெண்டும்மா," என்றார் சமையல்காரர்.

"அப்போ பின்னந்தொடை எலும்பு நாலு இருக்கணும். இடது ரெண்டு, வலது ரெண்டு. அதுல எது குறையுதோ, அதுதான் வெளியே போயிருக்கு."

கத்தி பட்டுத் துண்டானவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி அடுக்கினாள். முதல் தொட்டி ஆட்கள் சாப்பிட்டது. கழுத்து, தாடை, குளம்பு, விலாவின் நுனி. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு தொடையெலும்பு கிடைக்கவில்லை.

"நான் சொல்லல?" தலைவர் சமையல்காரர் பக்கம் திரும்பினார். "மூட்டையைக் கட்டுய்யா."

"இருங்க சார். இன்னொரு தொட்டி இருக்கு."

"அது நம்மளோடதும்மா. அதுல என்ன இருக்கப் போகுது?"

அது அதிகாரிகள் மேஜையின் தொட்டி. அந்த மேஜையில் சாப்பிடுவது ஆறே பேர். அதில் அவளும் ஒருத்தி. துண்டுகளைச் சேர்க்கச் சேர்க்க அவளுக்குக் கை மெதுவானது. இடது தொடை ஒன்று, இரண்டு. வலது தொடை ஒன்று, இரண்டு. தோளெலும்பும் நாலு. ஒரு தொடையெலும்பின் ஓரம் தட்டி உடைக்கப்பட்டிருந்தது. மஜ்ஜையை உறிஞ்சுவதற்காக அப்படித் தட்டியது அவளேதான். ஆறு வாரமாக அந்த மேஜையில் சாப்பிட்டும் இது உறைக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சார், எதுவும் திருடு போகல. தொடை நாலும் இங்கேயே இருக்கு. நாம ஆறு பேர்தான் சாப்பிட்டிருக்கோம்."

அவள் சமையல்காரரைப் பார்த்தாள்.

"வேலையே போகப் பார்த்துதே, இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிம்மா சொல்றது? நல்ல துண்டெல்லாம் நம்ம மேஜைக்கு, மிச்சத்தை அங்கே போடுன்னு வந்த அன்னிக்கே சொன்னது ஐயாதான். அதை அவர் முகத்துக்கு நேரா சொன்னா மட்டும் வேலை நிக்குமா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு தார்ப்பாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் இப்படிச் சுண்டிப்போய் அவள் பார்த்ததே இல்லை. பரவாயில்லை, மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது, இனி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழும் என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவர் சமையல்காரரின் தோளில் கை வைத்தார்.

"உன் மேல தப்பில்லய்யா. போய் வேலையைப் பாரு. ஆனா இன்னிலேருந்து ஒண்ணு மட்டும் மாத்திடு."

"சொல்லுங்க ஐயா."

"ரெண்டு தொட்டி வேண்டாம். எலும்பையெல்லாம் ஒரே தொட்டியில கலந்து கொட்டிடு."