நீல வயர்

ஏற்கெனவே பூசிக் காய்ந்த சுவரில் சுஐபு மறுபடியும் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஒரு நாள் அவன் பெயிண்டர். அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். பெரியபட்டினத்தில் சீனி முகம்மது வீட்டு ஹாலை இழைத்து இழைத்து அழகாக்கியவன் அவன்தான் என்பது தெருவுக்கே தெரியும். பூப்பூவாய் ஃபால்ஸ் சீலிங், நடுவில் கண்ணாடிச் சரவிளக்கு, அதற்கெல்லாம் உள்ளே ஓடும் வயர், அத்தனையும் அவன் கைவேலை. வயரிங்கைச் சோதிக்க வரும் மின்வாரிய அதிகாரி வீரபத்திரனுக்கு மட்டும் அது தெரியக் கூடாது.

சட்டம் அப்படி. சுவருக்குப் பச்சை அடிக்கலாம், சிவப்பு அடிக்கலாம், சீலிங்கில் மயிலே செதுக்கலாம், ஏன் என்று கேட்க நாதியில்லை. ஒரு முழம் வயரைத் தொட்டால் மட்டும் லைசென்ஸ் வேண்டும். வளைகுடாவில் பத்து வருஷம் அதே வேலையைப் பார்த்துவிட்டு வந்தவனிடம் அது இல்லை. அங்கே கொடுத்த சர்ட்டிபிகேட்டை இங்கே யாரும் கையால் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம்தான் புதுமடத்தில் லைசென்ஸ் இல்லாத ஒருவன் மேல் இதே வீரபத்திரன் வழக்குப் போட்டிருந்தார். வழக்கு வந்தால் சுஐபு ஊரில் போட்டிருக்கும் கடையை மூட வேண்டியதுதான். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான், போலீஸ் விசாரணை இன்னும் முடியவில்லை, அதிலும் மண் விழும். இங்கேயும் பிழைக்க முடியாது, அங்கேயும் போக முடியாது.

லைசென்ஸ் வைத்திருந்தவர் பொன்னுச்சாமி. ஹாலின் வயரிங் முழுவதும் தான் செய்ததென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புண்ணியவான். அவர் உண்மையில் செய்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் வந்து, ஹாலிலிருந்து வந்த வயர்களை வராந்தாவில் இருந்த மெயின் போர்டில் சேர்த்தார். அதைச் சுஐபு செய்யப் போனபோது கையைத் தட்டிவிட்டார். போர்டில் லைசென்ஸ்காரன் கைதான் பட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வீரபத்திரன் வந்து ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் எரிந்தன. சரவிளக்கு ஜொலித்தபோது சீனி முகம்மதின் முகமும் கூடவே ஜொலித்தது. பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். போர்டுக்கு முன்னால் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். திரும்பி வந்து, இதில் கரண்டு வரும் ஃபேஸ் வயர் எந்தக் கலர் என்று பொன்னுச்சாமியிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

"நீலந்தான் ஸார்" என்றார் பொன்னுச்சாமி.

சுஐபின் கை சுவரிலேயே நின்றுவிட்டது.

வயர் அவன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அவன் வேலை பார்த்த கம்பெனியில் கரண்டு வருவது பிரவுன் வயரில். நீலம் அது திரும்பிப் போகும் வழி. கைப்பழக்கம் விடுமா, ஹால் முழுக்க அப்படியே இழுத்திருந்தான். நம் ஊர் வழக்கத்தில் நீலத்திலும் கரண்டு வரும். பொன்னுச்சாமி ஒரு வார்த்தை கேட்காமல் நம் ஊர் வழக்கப்படி மாற்றிச் சேர்த்திருக்கிறார். விளக்கு எரியத்தான் எரியும். ஆனால் சுவிட்ச் இருப்பது பிரவுன் வயரில், அதை அணைத்தாலும் நீலத்தின் வழியே விளக்குக்குள் கரண்டு அப்படியே நிற்கும்.

வீரபத்திரன் அலுமினிய ஏணியைச் சரவிளக்குக்கு நேர் கீழே இழுத்துப் போட்டார். செருப்பைக் கழற்றினார். சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறதா என்று சீனி முகம்மதைப் பார்க்கச் சொன்னார். அணைந்துதான் இருந்தது.

அவர் ஏற ஆரம்பித்தார். பொன்னுச்சாமி மரியாதையாக ஓடிவந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வாயைத் திறந்தால் சுஐபு மாட்டினான். ஃபேஸைப் பற்றிப் பெயிண்டருக்கு என்ன தெரியும்? சத்தம் காட்டாமல் போய் மெயினை இறக்கிவிடலாமா என்று பார்த்தான். வராந்தாவுக்கு ஏணியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வீரபத்திரன் சரவிளக்கின் மேல் மூடியை விலக்கினார். வயர் முனைகள் தெரிந்தன. அவர் விரலை நீட்டினார்.

"ஸார், தொட்டுறாதீக. அணைச்சாலும் அதுல கரண்டு நிக்கும்" என்று சுஐபு கத்தினான். பிரஷ் கையிலிருந்து விழுந்து புது டைல்ஸெல்லாம் பெயிண்ட் தெறித்தது.

விரல் ஒரு நொடி நின்றது. வீரபத்திரன் கீழே குனிந்து அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வயர் முனைகளைக் கைக்குள் பொத்திப் பிடித்தார்.

யா அல்லாஹ் என்று சுஐபு கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது வீரபத்திரன் இறங்கி அவன் எதிரே நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். ஹாலுக்கான ஃபியூஸ் கட்டை. போர்டுக்கு முன்னால் நின்றபோதே கழற்றி வைத்துக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறார்.

"ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னவருக்கே பயமில்ல. பெயிண்டரு நீ எதுக்குப்பா பயந்த?" என்று கேட்டார்.

பொன்னுச்சாமி அப்போதுதான் அந்த அலுமினிய ஏணியிலிருந்து கையை எடுத்தார்.