காலடித் தூசி

என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் ஒரு சின்சில்லா வாங்கி வந்தாள். முயலுக்கும் எலிக்கும் நடுவிலான ஒரு பிராணி, சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுருண்டை.

"பயந்தா நாய் மாதிரி குரைக்கும்மா. தெரிஞ்சவங்களப் பாத்தா புறா மாதிரி குனுகும்."

என்னைப் பார்த்துக் குரைத்தது. அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக் குனுகியது.

"நீயும் அந்தாளு கட்சிதானா?" என்றேன். அவர் அம்மா, என் அம்மா, பக்கத்து வீட்டார், எல்லாரும் அந்தக் கட்சிதான். வெளியே அவர் அவ்வளவு தங்கமான மனிதர்.

நாற்காலியை அன்றே பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டேன். மறுநாள் அந்த இடத்து வெறும் தரையைப் பார்த்துக் குனுகியது.

தண்ணீரில் குளிக்காத அது, இன்று தன் குளியல் மண்ணில் புரண்டு கூடமெங்கும் தூசியைக் கிளப்பியது. தரை வெளுத்தது. நாற்காலி இருந்த இடத்தின் முன்னால் மட்டும் இரண்டு பாதங்களின் அளவுக்குத் தூசியே இல்லை. விரல்கள் என் பக்கம் இருந்தன.

இருபது வருடம் அந்தக் கால்களைச் சுற்றித்தான் பெருக்கினேன். தூக்கச் சொன்னால் கன்னத்தில் அறை விழும்.

விளக்குமாற்றை எடுத்தேன்.

"காலத் தூக்குடா."

சின்சில்லா குனுகுவதை நிறுத்தியது. காற்றில் மிச்சமிருந்த தூசி, அந்த இரண்டு இடங்களிலும் மெதுவாகப் படிந்தது.